"இன்னும் இல்லை" என்று எழுத வைத்தவருக்கு

கருகிய கல்லிலும் கனிவைக் கண்டெடுத்தவரே! பாசி முதல் பெருமரம் வரை பாகுபாடின்றிப் போற்றிய பண்பாளரே! இன்று பணி ஓய்வு பெறும் தாவர ஆய்வுப் பிரிவின் தலைவியே! ஓட்டுநர் அண்ணன் வாயில் என்றென்றும் ‘பாசியம்மா’வே! வணக்கம்.

எரிமலைக் குழம்பு ஆறி இறுகிய அந்தச் சரிவில், தரையடுக்கு, புதரடுக்கு, மர அடுக்கு எனக் காடு படிப்படியாக ஏறி வருவதை முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கணக்கெடுத்தீர்கள். நாங்கள் போனதும் அண்ணாந்து பார்ப்போம், தாங்கள் குனிவீர்கள். மண்டியிட்டே முழங்காலைத் தேய்த்துக்கொண்டீர்கள். வலிக்கிறதென்று எங்களிடம் சொன்னதில்லை. ஜீப்பில் ஏறும்போது மட்டும் கதவோடு ஏதோ பேசிக்கொள்வீர்கள். காதில் விழாததுபோல் இருந்துகொள்வோம்.

மரமில்லாத இடத்துக்கு ‘வெறுமை’ என்று எழுதுவது நம் அலுவலகத்தின் நெடுநாள் வழக்கம். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்ட மேலிடம், வெறும் நிலம்தானே என்று, சரிவு முழுவதையும் உழுது ஒரே இன மரக்கன்றுகளை நட ஆணையிட்டது. உழுதிருந்தால், கல் பொடிந்து உருவான விரலளவு மண்ணும் முதல் மழையிலேயே போயிருக்கும். தாங்கள் சண்டைக்குப் போகவில்லை. பார்வையிட வந்த அதிகாரியைப் பாறைப்பிளவின் அருகே உட்கார வைத்து, கையில் பூதக்கண்ணாடியைக் கொடுத்தீர்கள்.

"இது பாசி சார். இது மக்கின இடத்துலதான் பெரணி வந்திருக்கு. அதோட நிழல்ல மரம் வரும். வெறுமைன்னு எழுதினது எங்க தப்பு. இன்னும் இல்லைன்னு எழுதியிருக்கணும்."

அவர் எழுந்தபோது கால்சட்டையெல்லாம் கரி, முகமெல்லாம் சிரிப்பு. ஆணை வந்த வழியே திரும்பிப் போனது. எழுதியது நாங்கள், ‘எங்க தப்பு’ என்று தங்களையும் அதில் சேர்த்துக்கொண்டீர்களே, அந்தப் பெரிய மனத்தை நாங்கள் மறக்கவில்லை.

சென்ற வாரம் அங்கே போயிருந்தோம். அதே பிளவில் இளமரம் ஒன்று ஓட்டுநர் அண்ணனின் தலையைத் தாண்டி நிற்கிறது. அது பெரிய உயரமா என்று அவரைக் கேலி செய்வது தங்கள் தனியுரிமை என்பதால், நாங்கள் வாயை மூடிக்கொண்டோம்.

அந்த மரம் விதானமாக விரிந்து, அதன் நிழல் தங்கள் மீது விழும்வரை, அதற்குப் பின்னும், முழங்கால் வலி நீங்கி முகமலர்ச்சியோடு வாழுங்கள்! நாளை முதல் தங்களைத் தேடி வருகிறவர்கள் வாசலில் நின்று, "அம்மா போயிட்டாங்களா?" என்று கேட்பார்கள். பதில் எங்களிடம் இருக்கிறது; தாங்கள் கொடுத்ததுதான்.

இன்னும் இல்லை.

பிரிய மனமில்லாத,
தாவர ஆய்வுப் பிரிவுப் பணியாளர்கள்
(ஓட்டுநர் அண்ணனும் சேர்த்துத்தான்)