புரிஞ்சுச்சு டீச்சர்

காரைக்குடியிலிருந்து திருப்பத்தூர் போகும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் இரண்டு ஆசிரியைகள் உட்கார்ந்திருந்தார்கள். ஆசிரியர் பயிற்சியில் கொடுத்த துணிப்பை இருவர் மடியிலும் இருந்தது. மூத்தவர் சொன்னது என் காதில் விழுந்தது.

"இன்னைக்கு நான் பொய் சொல்லிட்டேன்."

"எப்பக்கா?" என்றார் இளையவர்.

"நம்மளப் பிள்ளைக மாதிரி உக்கார வச்சு, காகிதத்த மடிச்சே பின்னத்தைப் பெருக்கிக் காட்டுனாகள்ல, அப்ப. 'புரிஞ்சுச்சா'ன்னு கேட்டாக. புரிஞ்சுச்சுன்னுட்டேன். கணக்கு தெரியும். அந்த மடிப்புலருந்து விடை எப்படி வந்துச்சுன்னு தெரியல."

"கேட்டிருக்கலாமேக்கா. திட்டவா போறாக?"

"அத்தன பேரும் தலையாட்டுறாக. இருவத்தெட்டு வருசமா கணக்கு நடத்துறவ எந்திரிச்சு, எனக்குப் புரியலன்னு எப்படிச் சொல்ல?"

இளையவர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"எனக்கும் புரியலக்கா. நீங்க தலையாட்டுனீக. அதப் பாத்துத்தான் நானும் ஆட்டுனேன்."

இருவரும் சிரிக்கவில்லை.

"நாளைக்கு வகுப்புல இத நடத்தணுமேக்கா."

நாச்சியாபுரம் வந்ததும் மூத்தவர் எழுந்து, பையைத் தோளில் மாட்டினார்.

"என் வகுப்புல கனகான்னு ஒரு பிள்ள. நான் கேட்டு முடிக்குமுன்னயே 'புரிஞ்சுச்சு டீச்சர்'ங்கும். போன வாரம் பரிச்சையில வெறும் பேப்பரக் குடுத்துச்சு."

"என்ன செஞ்சீக?"

"பொய் சொன்னதுக்காக வெளிய நிப்பாட்டுனேன்."