மஞ்சள் கோட்டுக்கு உள்ளே

எனக்கு எதிலும் தாமதம் பிடிக்காது. எட்டு மணி வேலைக்கு ஏழரைக்கே போய் நிற்கிறவன் நான். பாசிர் கூடாங் பழைய இரும்பு யார்டில் பத்தொன்பது வருடமாகக் காந்தக் கிரேன் ஓட்டுகிறேன். கனகராஜ் பிந்தி வந்தான் என்று ஒருவரும் சொன்னதில்லை. இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், இன்ஸ்பெக்டர் சார், அவசரப்பட்டு எதையும் செய்கிற ஆள் நான் இல்லை என்று உங்களுக்குத் தெரிய வேண்டும்.

என் ஒரே மகள் லோஷினிக்கு யாழ்ப்பாணத்து வழிக் குடும்பத்தில் சம்பந்தம் அமைந்தது. மாப்பிள்ளையின் அப்பா தியாகராஜா அரசாங்க உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அந்த வீட்டில் பழைய கைக்கடிகாரம் என்றால் உயிர். என் அப்பா ரப்பர் எஸ்டேட்டில் பால்மரம் வெட்டிப் பால் எடுத்தவர். அதை அவர்கள் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. ஆனாலும் எனக்கு உள்ளுக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது. நிச்சயதார்த்தத்தில் மாப்பிள்ளை கையில் நல்ல பழைய கடிகாரம் ஒன்று போட்டுவிட வேண்டும் என்று நினைத்தேன்.

பத்து பாகாட் ஊரில் இருந்துகொண்டு இணையத்தில் பழைய கடிகாரம் விற்கிற சிறீகாந்தனிடம் வாங்கினேன். அறுபதுகளில் செய்தது, சாவி கொடுத்து ஓட்டுவது. வந்த இரண்டு நாளும் எனக்கு விடுமுறை. வீட்டில் இம்மி பிசகாமல் ஓடியது. மூன்றாம் நாள் வேலைக்குக் கட்டிக்கொண்டு போனேன். ஒரு பொருளைப் பழகிப் பார்க்காமல் அடுத்தவருக்குக் கொடுப்பது என் வழக்கமில்லை. கைப்பேசி, வங்கி அட்டை, பேட்டரி வாட்ச் எல்லாவற்றையும் லாக்கரில் வைக்கச் சொல்லி யார்டில் பலகை தொங்குகிறது. இதில் பேட்டரி இல்லை. அதனால் கையிலேயே இருந்தது. தினமும் கிரேனில் ஏறும் முன் காந்தத்தை ஓடவிட்டு, அதன் அடியில் இடது கையால் ஓர் இரும்புத் துண்டைப் பிடித்து இழுப்புச் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பேன். அதையும் நான் ஒருநாள் விட்டதில்லை.

அன்று மாலைக்குள் கடிகாரம் மணிக்கு ஐந்து நிமிடம் முந்த ஆரம்பித்தது.

சிறீகாந்தனுக்கு எழுதிக் கேட்டேன். மரியாதையாகத்தான் பதில் வந்தது. "அண்ணே, நீங்க எங்க வேலை செய்றீங்க?"

கடிகாரத்தைப் பற்றிக் கேட்டால் என் வேலையைக் கேட்கிறார். அந்தக் கேள்வி எங்களுக்குப் புதிதில்லை, சார். பேரைக் கேட்பார்கள், அடுத்து வேலையைக் கேட்பார்கள், அதோடு நம்மை எந்த இடத்தில் வைப்பது என்று முடிவு செய்துவிடுவார்கள். எனக்கு ஆத்திரம் வந்தது. 'ஆபிஸில்' என்று எழுதினேன்.

மறுநாளும் அதையே கேட்டார். "கிட்டக்க பெரிய மெஷின் ஏதும் இருக்கா அண்ணே? என்ன வேலைன்னு கொஞ்சம் சொல்லுங்க லா." கம்ப்யூட்டர் மட்டும்தான் என்றேன். "அப்ப எனக்கு ஒன்னும் புரியல. அனுப்பி வைங்க, சரிபண்ணித் தரேன்," என்றார். நிச்சயத்துக்கு மூன்று நாள்தான் இருந்தது. நான் அனுப்பவில்லை.

மாசாயில் மண்டபம் எடுத்திருந்தோம். காலையில் நேரத்தைச் சரியாக வைத்து மாப்பிள்ளை கையில் கட்டிவிட்டேன். பந்தி முடிவதற்குள் இருபது நிமிடம் முந்திவிட்டது. தியாகராஜா அதைத் தன் கடிகாரத்தோடு வைத்துப் பார்த்தார். "பொண்ணைத் தள்ளிவிட உங்க வாட்சுக்கே இவ்வளவு அவசரமா, சம்பந்தி?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். லோஷினியும் சிரித்தாள். தியாகராஜா அதைக் கழற்றி என்னிடமே கொடுத்து, "ரிப்பேர் பண்ணிட்டுக் குடுங்க, ஒன்னும் அவசரமில்ல," என்றார். கல்யாணத்துக்கு ஒரு குறையும் வரவில்லை, நாள்கூடக் குறித்தார்கள். ஆனால் என் மகள் சிரித்தது என் காதை விட்டுப் போகவில்லை.

சிறீகாந்தனை நேரில் வந்து கடிகாரத்தை ரிப்பேருக்கு வாங்கிக்கொள்ளச் சொன்னேன். செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி. யார்டு இருக்கும் இடத்தை அனுப்பினேன். கேட்டில் இருக்கும் மூர்த்தியிடம் இரும்பு பார்க்க ஆள் வருவார் என்று சொல்லி வைத்தேன். மூன்றாம் தூண் பக்கம், மஞ்சள் கோட்டுக்கு உள்ளே நிற்கும்படி சிறீகாந்தனுக்கு எழுதினேன். அந்தக் கோட்டுக்குள் ஆள் நிற்கக் கூடாது என்று எங்களுக்குத் தெரியும். வெளியாளுக்குத் தெரியாது.

பத்துக்குச் சரியாக வந்துவிட்டார். அது எனக்குப் பிடித்திருந்தது. நான் இரண்டு டன் இரும்பைக் காந்தத்தில் பிடித்துத் தூண் பக்கம் கொண்டுவந்து நிறுத்தியிருந்தேன். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, கையில் கட்டியிருந்த கடிகாரத்தைக் காட்டினேன். அவர் என் கையைப் பார்த்தார். தலைக்கு மேலே காந்தத்தைப் பார்த்தார். நெற்றியில் அடித்துக்கொண்டு சிரித்தார்.

"அலமாக்! அண்ணே, இதுதான் உங்க வேலைன்னு அன்னிக்கே சொல்லியிருக்கலாமே லா!"

அதே சிரிப்பு. காந்தக் கிரேனில் பிடித்ததைக் கீழே போட எதையும் தள்ள வேண்டியதில்லை, சார். சுவிட்சை அணைத்தால் போதும். அணைத்தேன். மின்சாரம் நின்றுவிட்டது என்று கம்பெனியில் நான் எழுதிக் கொடுத்தது பொய். அன்று மின்சாரம் நிற்கவில்லை.

அவருடைய காரில் நீலப் பெட்டி ஒன்று இருந்தது என்கிறீர்கள். அதன் மேல் ஐந்து விநாடி வைத்ததும் கடிகாரம் சரியாகிவிட்டது, நாலு நாளாகப் பிசகாமல் ஓடுகிறது என்கிறீர்கள். கிரேன் காந்தம் அதில் ஏறியிருந்ததாம், அதனால்தான் முந்தியதாம், அந்தப் பெட்டி அதை இறக்கிவிட்டதாம். நல்லது. அதை மாப்பிள்ளையிடம் சேர்த்துவிடுங்கள்.

ஒன்றுதான் எனக்கு வருத்தம். அந்த மனுஷன் என்னிடம் முதலிலேயே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் சொல்லாதவனா நான்?