பஸ்ஸுக்குப் பின்னால்

டீய குடிச்சிடாதீங்கய்யா. கொஞ்ச நேரம் கையில வெச்சிக்கினே வாங்க. ஆறிடும், தெரியும். விக்கிரவாண்டில சூடா வேற ஒண்ணு வாங்கித் தர்றேன். இது குடிக்கறதுக்கு வாங்குனது இல்ல. கப்பு விளிம்பு வரைக்கும் ஊத்தச் சொன்னேன் பாத்தீங்களா, அது இதுக்குத்தான். வண்டி தானா கியர் மாத்திக்கும். மாறறப்ப டீ ஆடுதா, உங்க ஒடம்பு முன்ன போயி பின்ன வருதா, அத மட்டும் சொல்லுங்க. வேட்டில சிந்துனா நான் தொவைச்சித் தர்றேன்.

இப்ப மாறிச்சு. ரெண்டுலேருந்து மூணு. தெரிஞ்சிதா?

நெஜமாவே தெரியலயா, இல்ல எனக்காக சொல்றீங்களா? எனக்காக சொல்லாதீங்கய்யா. அதுக்குத்தான் கூட்டேரிப்பட்டுல அத்தன பேரு நின்னாங்க, உங்களப் பாத்து ஏத்துனேன். காரு தெரிஞ்சவன ஏத்துனா பிரயோஜனமே இல்ல. செம்ம ப்ரோ, வெண்ணெ மாதிரி இருக்குது ப்ரோன்னுட்டு போயிடுவான். போன வாரம் மரக்காணத்து மீன்காரம்மா ஒருத்தங்க இதே ரோட்டுல ஏறுனாங்க. இருதயமேரின்னு பேரு. டீ கப்ப கையில குடுத்தா, இன்னாடா தம்பி, பேஜாரு புடிச்ச வண்டியா இருக்குது, டீய வாங்கிக் குடுத்துட்டு குடிக்காதன்றியேன்னாங்க. சொல்லிட்டு மொத்தத்தையும் குடிச்சிட்டு தூங்கிட்டாங்க. விழுப்புரம் வர்ற வரைக்கும் தூக்கந்தான். எனக்கு எவ்ளோ சந்தோஷம் தெரியுமா அன்னிக்கு.

பஸ்ஸா? அது முன்னாடிதான் போய்க்கினு இருக்குது. ஆமா, நீங்க வுட்ட பஸ்ஸுதான். தாண்டிப் போயி அடுத்த ஸ்டாப்புல எறக்கி வுட்டா அதுலயே ஏறிக்குவீங்களா? எதுக்குய்யா? நானும் விழுப்புரந்தான் போறேன். ஏசி இருக்குது. உக்காருங்க.

தாண்டலாம். தாண்ட முடியாம இல்ல. இது முன்னூறு குதிரை. நான் கால அமுக்குனேன்னா, நீங்க பஸ்ஸுன்னு சொல்லி முடிக்கறதுக்குள்ள அது பின்னாடி கண்ணாடில பொட்டு மாதிரி போயிடும். இப்ப வேணாம். உங்களுக்கு என்ன அவசரமா? மனு குடுக்கவா? பத்து மணிக்கு மேலதான் வாங்குவாங்க, இப்ப எட்டே காலு. என்ன மனு? சுடுகாட்டுக்குப் பாத. எத்தினி வாட்டி குடுத்தீங்க? நாலா! அப்ப நீங்களும் நம்ம மாதிரிதான்யா. சரியான ஆளத்தான் ஏத்தியிருக்கேன்.

என் பேரு புகழேந்தி. திண்டிவனத்துல ஒர்க் ஷாப் வெச்சிருக்கேன். சாதா ஒர்க் ஷாப் இல்ல. ஓடற வண்டிய ரிப்பேர் பண்றது இல்ல என் வேல, ஓடற வண்டிய இன்னும் ஓட வெக்கறது. கம்பெனில நூத்தி எண்பது குதிரன்னு குடுத்திருப்பான். உள்ள இருக்கற கம்ப்யூட்டர தொறந்து, டர்போவுக்கு காத்த கூட்டி, பெட்ரோல கூட்டி, பெரிய கூலர் போட்டு, சைலன்சர மாத்தி முன்னூறுக்கு கொண்டாருவேன். பாண்டிலேருந்து வருவாங்க, மெட்ராஸ்லேருந்து வருவாங்க, டாக்டருக்குப் படிக்கற பசங்கள்லாம் வருவாங்க. இது என் சொந்த வண்டி. என்கிட்ட வர்றவனுக்கு மொதல்ல இதுல ஒரு ரவுண்டு காட்டுவேன். கால எடுத்தா பின்னாடி பட்டு பட்டுன்னு வெடிக்கும், தெரு நாயெல்லாம் ஊரத் தாண்டி ஓடும். இப்ப கேக்குதா ஏதாவது? கேக்காது. சத்தம் போடறத எல்லாம் கழட்டிட்டேன்.

பஸ்ஸு நிக்குது பாருங்க. நாமளும் நிக்கலாம். இருங்க, கப்ப நல்லா புடிங்க. இதுதான் கஷ்டமான எடம். நின்னு, எறும்பு மாதிரி ஊர்ந்து, மறுபடியும் நின்னு.

தெரிஞ்சிதா. ம்.

எவ்ளோ? கொஞ்சந்தானா? மாட்டு வண்டில குண்டுல ஏறி எறங்குன மாதிரியா, இல்ல அத வுட கம்மியா? கம்மி. சரி. சரிங்கய்யா. ஒண்ணுலேருந்து ரெண்டு. அதுதான் எட்டு மாசமா என்ன சாவடிக்குது. காலைல வீட்லேருந்து எடுக்கறப்ப பூ மாதிரி போவும். இந்த பஸ்ஸு பின்னாடி பத்து எடத்துல நின்னு நின்னு கெளம்புனா கிளட்ச்சு சூடாயிடும். சூடாயிட்டா நேத்து சொல்லிக் குடுத்ததெல்லாம் மறந்துடும்.

ரெண்டு கிளட்ச்சுய்யா இதுல. எப்பிடி சொல்றது. கல்யாணப் பந்தில பாத்திருப்பீங்க. ஒருத்தர் சோறு வெக்கும்போதே இன்னொருத்தர் கொழம்பு வாளியோட பக்கத்துல நிக்கறாரு. சோத்துக் கை நகந்த உடனே கொழம்பு. எல உக்காந்து காத்துக்கினு இருக்காது. அந்த மாதிரி ஒரு கிளட்ச்சு ஒண்ணு, மூணு, அஞ்சு. இன்னொண்ணு ரெண்டு, நாலு, ஆறு. ஒண்ணு வுடும்போதே இன்னொண்ணு புடிச்சிடும். வேகத்துக்காக நான் என்ன பண்ணியிருந்தேன்னா, புடிக்கறத இன்னும் அழுத்திப் புடிக்க வெச்சிருந்தேன். படார்னு. வேகமா போறப்ப அது சொகம். மெதுவா போறப்ப பிடரில அடிச்ச மாதிரி இருக்கும். இப்ப ஒவ்வொரு நாளும் கம்ப்யூட்டர்ல உக்காந்து கொஞ்சங் கொஞ்சமா தளத்திக்கினு வர்றேன். ரொம்பத் தளத்துனா கிளட்ச்சு வழுக்கி எரிஞ்சிடும். ஒரு செட்டு எரிச்சிட்டேன்.

பசங்க சிரிக்கறானுங்க. தென்னரசுன்னு ஒருத்தன், எங்கூடவே ஒர்க் ஷாப்புல இருந்தவன், மூஞ்சிக்கு நேராவே கேட்டான். அண்ணே, சிறுத்தைய புடிச்சி ஏர் ஓட்டறியான்னு. வேற கடைக்குப் போயிட்டான் இப்ப. நான் மட்டுந்தான்.

யாருக்காகவா? எங்க வீட்லதான். என் சம்சாரம். அன்புச்செல்வின்னு பேரு. அவ இந்த வண்டில ஏற மாட்டேன்றா. எட்டு மாசமா. அவ ஏறி உக்காரணும், அதுக்குத்தான் இவ்ளோவும். இந்த ஒண்ணு ரெண்டு மட்டும் சரியாயிடுச்சுன்னா நான் போயி கேக்கலாம். சரியாவாம எந்த மூஞ்சிய வெச்சிக்கினு கேக்கறது?

சண்டையெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. சண்டன்னா பரவால்லயே. சோறு போடறா. கேஸு தீந்துடுச்சுன்றா. உன் சட்டைக்கு பட்டன் தெச்சிட்டேன்றா. மல்லாட்டக் கடல வேவிச்சா எனக்கு தனியா ஒரு கிண்ணத்துல எடுத்து வெக்கறா. நான் வண்டியப் பத்தி பேச ஆரம்பிச்சா உள்ள போயிடறா. அவ்ளோதான்.

இத வித்துட்டு ஒரு சாதா வண்டி வாங்கச் சொல்றீங்க. எங்க மாமியாரும் அதத்தான் சொன்னாங்க. வாங்கலாம். வாங்கி, அதுலயும் அவ ஏறலன்னா? அப்ப வண்டி காரணம் இல்லன்னு ஆயிடும் இல்ல. அதுக்கப்புறம் நான் எத தொறந்து சரி பண்றது, சொல்லுங்க. இதுன்னா ஒரு கம்ப்யூட்டரு இருக்குது, நம்பரு இருக்குது. மாத்தலாம்.

டோல்கேட்டு தாண்டியாச்சு. டீய குடிங்கய்யா இப்ப. ஆறிப்போச்சா? விக்கிரவாண்டில நிறுத்தட்டுமா? நிறுத்துனா பஸ்ஸு போயிடும். கோச்சுக்காதீங்க, எறங்கற எடத்துல வாங்கித் தர்றேன்.

ஆமாங்கய்யா. கரெக்டா கேட்டுட்டீங்க. அந்த பஸ்லதான் இருக்கா. முன்னாடி, டிரைவருக்குப் பின்னாடி ரெண்டாவது ஜன்னலு. விழுப்புரத்துல லேபுல ரத்தம் டெஸ்ட் பண்ற வேல. திண்டிவனம் ஸ்டாண்டுல ஏழு நாப்பதுக்கு ஏறுவா. நானும் ஏழு நாப்பதுக்கு வண்டிய எடுத்துடுவேன். சாயந்திரம் ஆறு மணிக்கு அவ ஏறுவா, நானும் அதே மாதிரி திரும்பிடுவேன். தெரியும் அவளுக்கு. ஏன் தெரியாம. மொத வாரமே திரும்பிப் பாத்துட்டா. வராதன்னு சொல்லல. வான்னும் சொல்லல. கண்டக்டருக்கே தெரியும். பின் படிக்கட்டுல நின்னுக்கினு என்னப் பாத்து கைய ஆட்டுவாரு, இன்னுமா சார் பெட்ரோல் இருக்குதுன்னு.

ஒரு நாளு. ஐப்பசில செம்ம மழ. சாயந்திரம் விழுப்புரத்துல பஸ்ஸு வரல. அவ கொட வேற எடுத்துக்கினு போவல. நான் வண்டிய அவ பக்கத்துல கொண்டாந்து நிறுத்திட்டேன். கதவ எட்டி தொறந்து வுட்டேன். நின்னா. ரெண்டு நிமிஷம் நின்னாய்யா, நான் மணி பாத்தேன். மழத் தண்ணி உள்ள அடிக்குது, சீட்டெல்லாம் நனையுது. ஒரு கைய கதவு மேல வெச்சா. அப்ப பஸ்ஸு வந்துடுச்சு. வராம இருந்திருக்கலாம். சாத்திட்டுப் போயிட்டா. படார்னு சாத்தல. மெதுவாத்தான் சாத்துனா.

அன்னிக்கி நான் என்ன நெனச்சேன்னா, நல்லவேள ஏறலன்னு நெனச்சேன். அப்ப ஒண்ணு ரெண்டு இன்னும் மோசமா இருந்துச்சு.

பயமா? இல்லய்யா, அவ பயப்படற ஆளே இல்ல. கல்யாணமான புதுசுல ஓமந்தூர் ரோட்டுல நூத்தி அறுபதுல போனோம். இன்னும் போ, இன்னும் போன்னா. பயம் இல்ல அது.

முண்டியம்பாக்கம் வந்துடுச்சு. அந்தா, பெரியாஸ்பத்திரி. இங்கதான் அவளக் கொண்டாந்தோம். கடைசியா இந்த வண்டில உக்காந்த அஞ்சாம் நாளு. கலைஞ்சிடுச்சுன்னுட்டாங்க. டாக்டரம்மா என்ன உக்கார வெச்சி பொறுமையா சொன்னாங்க, வண்டிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல தம்பி, ஆரம்பத்துலயே கரு சரியா நிக்கல, எத்தனையோ பேருக்கு ஆவுறதுதான்னு. அவகிட்டயும் சொன்னாங்க. அவளும் தலைய ஆட்டுனா. அவளுக்குத் தெரியாததா, லேபுலயே வேல பாக்கறவ. தங்கியிருக்குதான்னு அவளேதான் மொதல்ல டெஸ்ட் பண்ணிப் பாத்திருக்கா. பாத்துட்டு அன்னிக்கு சாயந்திரம் நேரா ஒர்க் ஷாப்புக்கு வந்திருக்கா. சொல்றதுக்கு.

நான் சொல்ல வுடலய்யா. அப்பதான் லாஞ்ச் செட் பண்ணி முடிச்சிருந்தேன். லாஞ்ச்னா, ஒரு காலால பிரேக்க அமுக்கிக்கினு இன்னொரு காலால ஆக்சிலேட்டர ஃபுல்லா குடுத்து வெச்சிருப்போம். எஞ்சின் கத்திக்கினு நிக்கும். பிரேக்க வுட்ட உடனே கிளட்ச்சு மொத்தமா கவ்வும். மூணு செகண்டுக்கு மூச்சே வராது. தென்னரசு செல்லு வெச்சிக்கினு நிக்கறான், அண்ணி உக்காந்தா வீடியோ சூப்பரா போவும்னு. அவ, வேணாங்க, இன்னொரு நாளு பாத்துக்கலாம், ஒண்ணு சொல்லணும்னா. அப்புறம் சொல்லு, மொதல்ல உக்காருன்னேன். கைய புடிச்சி உக்கார வெச்சேன். நானேதான் அவ உயரத்துக்கு சீட்ட முன்னாடி இஸ்து, பெல்ட்டு போட்டு வுட்டேன்.

வீடியோ நல்லாத்தான் போச்சு. நாப்பதாயிரம் பேரு பாத்தாங்க. நான் ரோட்டத்தானே பாத்துக்கினு இருந்தேன், அவளப் பாக்கல. அப்புறம் வீடியோவையும் பாத்தேன், அப்பவும் அவள சரியா பாக்கல. ஒரு மாசம் கழிச்சி, எல்லாம் முடிஞ்ச பெறவு, ஒரு நாளு கடைல சும்மா உக்காந்திருக்கறப்ப பாத்தேன். யாரா இருந்தாலும் லாஞ்ச் குடுத்தா மேல இருக்கற கைப்பிடியத்தான் புடிப்பாங்க. நீங்க இப்ப புடிச்சிக்கினு இருக்கீங்களே, அதத்தான். அவ புடிக்கல. ரெண்டு கையும் வயித்துல வெச்சிருக்கா. வண்டி நிக்கற வரைக்கும் எடுக்கல. கீழ எவனோ ஒருத்தன் எழுதியிருந்தான், அக்காவுக்கு வயித்தக் கலக்கிடுச்சுன்னு. அதுக்கு நான் லைக் போட்டிருக்கேன்யா. போட்டது எனக்கு ஞாபகங்கூட இல்ல.

அழிச்சிட்டேன். அவ பாத்தாளா இல்லியான்னு தெரியல. நான் கேக்கல.

ஸ்டாண்டு வந்துடுச்சு. பஸ்ஸு உள்ள போவுது, நம்ம வண்டிய உள்ள வுட மாட்டாங்க. நான் இப்பிடி ஓரமா நிறுத்திக்கறேன். அவ அந்த வழியாத்தான் வெளிய வருவா, இந்தப் பக்கமாத்தான் நடந்து போவா. கூப்பிட மாட்டேன். ஹாரன் அடிக்க மாட்டேன். சும்மா நிக்கறது, அவ்ளோதான். நீங்க இப்பிடியே நேரா போங்க, நாலு வாட்டி வந்தவருக்கு கலெக்டர் ஆபீஸுக்கு நான் வழி சொல்லணுமா. மனுவுக்கு ரசீது வாங்காம வந்துடாதீங்க.

கடைசியா ரெண்டு ஸ்டாப்பு எப்பிடி இருந்துச்சுங்கய்யா? நீங்க பேச்சுல கவனிக்கலயா. பரவால்ல. பரவால்ல.

ஒரு நிமிஷம். கால நீட்டறதுக்கு சீட்ட பின்னாடி தள்ளிக்கினீங்க இல்ல, அடில ஒரு கம்பி இருக்கும் பாருங்க. அத தூக்கிப் புடிச்சிக்கினு முன்னாடி இஸ்து வுட்டுடுங்க. இன்னும் கொஞ்சம். இன்னும் ஒரு பல்லு. ஆங், அங்கதான். போயிட்டு வாங்கய்யா.