முகக் கிறீமில் என்ன கொழுப்பு

வெள்ளவத்தையில் கடை வைத்திருந்தபோது, ஒரு முகக் கிறீமில் இருப்பது தாவரக் கொழுப்புத்தான் என்று தெரியாமலே சொல்லி விற்றேன். அது யுத்த காலம். ஒருநாள் நான் போன பஸ் சோதனைச் சாவடியருகே வரிசையில் நின்றபோது, முன் இருக்கையில் இரண்டு முஸ்லிம் சகோதரிகள் கதைத்துக்கொண்டிருந்தார்கள். மூத்தவர் என் கடையில் அந்தக் கிறீமை வாங்குபவர். பின்னால் நான் இருந்ததை அவர் கவனிக்கவில்லை.

இளையவர் பன்றிக் கொழுப்பைப் பற்றிக் கேட்டார்: “ராத்தா, அதுல பண்டிக் கொழுப்பு ஈந்தா? பூசிக்கிட்டுத் தொழ ஏலுமா?”

“அந்தக் கடை ஐயா மரக்கறி மட்டுந்தான் தின்னுற. பண்டிக் கொழுப்பத் தொடுவாரா?”

“அவரு விக்கிறாரு. பூசுற நீங்க.”

“திருநீறு பூசின மனுஷன் பொய் செல்லமாட்டாரு.”



அடுத்த முறை மூத்தவர் கடைக்கு வந்து அதே கிறீமை எடுத்தபோது, “அதிலை என்ன கொழுப்பெண்டு எனக்குத் தெரியாது, பிள்ளை. தெரியாமத்தான் சொன்னனான்” என்றேன்.

அவர் டப்பாவை மேசையில் வைத்தார். “தெரியாமப் பூசினதுக்கு எனக்குக் குத்தமில்ல, ஐயா” என்று மட்டும் சொன்னார்.

பிறகும் வந்தார். ஆனால் ஒரு சீப்பு நல்லதென்று நான் சொன்னாலும், “தெரிஞ்சுதான் செல்லுறீங்களா, ஐயா?” என்று கேட்பார். கடையை மூடும்வரை கேட்டார்.