கிழவருக்கு எந்த டப்பா?

கணவன்: ...சோறு ஆறுது. அந்தப் பேப்பரை எத்தனை தடவைதான் பார்ப்ப?

மனைவி: பார்த்துக்கிட்டே இருந்தா மாறிடாதான்னு ஒரு நப்பாசை.

கணவன்: யாரோட ரத்த ரிப்போர்ட் அது?

மனைவி: நம்ம ரெண்டு நாய்ங்களோடதுதான். வாண்டுக்கு ஆன்டிஆக்சிடன்ட் கிடுகிடுன்னு ஏறியிருக்கு. கிழவருக்கு ஒரு பொட்டு ஏறல.

கணவன்: உடம்பு துருப்பிடிக்காம பாத்துக்குற சத்துன்னு சொன்னியே, அதானே?

மனைவி: அது உங்க அம்மாவுக்குப் புரியறதுக்காகச் சொன்னது.

கணவன்: எனக்கும் அவ்வளவுதான் புரிஞ்சுது. சரி, வாண்டுக்கு உங்க லேபோட புதுத் தீனி, ஏறிடுச்சு. கிழவருக்குச் சாதாத் தீனி, ஏறல. இதுல அழ என்ன இருக்கு?

மனைவி: நான் எங்க அழுதேன்?

கணவன்: மூக்கு சிவந்திருக்கே.

மனைவி: ...இருங்க. யாருக்கு எதுன்னு நான் சொல்லவே இல்லையே?

கணவன்: ரெண்டு டப்பாவும் ஒரே மாதிரி, உள்ள இருக்குற தீனியும் ஒரே மாதிரி. மூடியில எழுதின பேர்தான் வித்தியாசம். ஆனா கிழவர் பேர் போட்ட மூடியைப் பார்த்ததும் உன் மூஞ்சி தொங்கிப்போச்சு. வாயால வேற சொல்லணுமா?

மனைவி: நாளைக்கு எங்க லேப் பெரிய டாக்டர் முன்னாடி புதுத் தீனி வேலை செய்யுதுன்னு கையெழுத்துப் போடணும். எப்படிங்க போடுவேன்?

கணவன்: ஏன், போடேன்.

மனைவி: புதுசைத் தின்னது கிழவர்.

கணவன்: என்னது!

மனைவி: கத்தாதீங்க, அத்தை உள்ள இருக்காங்க... டப்பா வந்த அன்னைக்கே மூடியை மாத்திட்டேன். படியேற முடியாம பாதியில நின்னு திரும்பிப் பாக்குறாரே... என்னால தாங்க முடியல.

கணவன்: நீயா? உங்க லேப் ரிசப்ஷன் பொண்ணு அவ நாய்க்கு அரை முட்டை குடுத்துட்டான்னு அந்த நாயையே ஆராய்ச்சிய விட்டுத் துரத்தினவளாச்சே! நேர்மை, ஒழுங்குன்னு அந்தப் பொண்ணுக்கு லெக்சர் வேற...

மனைவி: அதான் வாயைத் திறக்க முடியல. சாதாத் தீனி தின்ன நாய்க்கு ஏறியிருக்குன்னா, மூணு வருஷ உழைப்பும் தண்டம்... ஏன் சிரிக்கிறீங்க?

கணவன்: சொன்னா அடிக்கக் கூடாது.

மனைவி: சொல்லித் தொலைங்க.

கணவன்: நானும் மாத்தினேன்.

மனைவி: எதை?

கணவன்: மூடியைத்தான். அன்னைக்கு நீ குளிக்கப் போனப்ப. நீ மாத்தினதை நான் பழையபடி ஆக்கியிருக்கேன். கிழவர் தின்னது சாதாதான்.

மனைவி: அப்போ வாண்டு தின்னது புதுசு... ஏறினது சரி! வயித்துல பாலை வார்த்தீங்க!

கணவன்: பாவம், கிழவர்...

மனைவி: ஆமாங்க. ஒரு மாசமா அவருக்கு நல்லது பண்றோம்னு நினைச்சுக்கிட்டு தட்டைக் கழுவியிருக்கேன்... போகட்டும். நாளையிலேருந்து அவருக்கும் புதுசுதான். யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க. முக்கியமா அத்தைகிட்ட...

மாமியார்: என்கிட்ட என்ன?

கணவன்: ஒண்ணுமில்லம்மா, சும்மா... டப்பா மூடி...

மாமியார்: ஐயையோ! அதைக் கண்டுபிடிச்சிட்டீங்களா?

மனைவி: அத்தை?

மாமியார்: கோவிச்சுக்காதம்மா. மறுநாள் நீங்க வேலைக்குக் கிளம்பினதும் ஒரே ஒரு தடவைதான் மாத்தினேன். அப்புறம் தொடவே இல்ல. கிழவருக்குச் சத்தில்லாததுன்னு நீ முழிச்ச முழியே சொல்லிடுச்சே!

கணவன்: நீ ஒண்ணு, நான் ஒண்ணு, அம்மா ஒண்ணு...

மனைவி: அப்போ கிழவர் தின்னது புதுசேதான். ஏறல. வாண்டு தின்னது சாதா... ஏறியிருக்கு. மூணு வருஷம், அத்தை... மூணு வருஷம்!

மாமியார்: அட, இதுக்குப் போய் ஏம்மா அழுற? நான் வேணா இன்னொரு தடவை மாத்தி வச்சிடட்டுமா?