கமிட்டி மெம்பரின் வேண்டுதல்

சுதந்திரம் வந்த மறு ஆண்டு, ஆடிக் கிருத்திகை. திருத்தணி மலையில் முடி இறக்கும் வரிசையில் எனக்கு முன்னால் பட்டணத்து நூல் மில் தொழிலாளி ஒருவரும் அவருடைய அக்கா கணவரும் நின்றார்கள்.

"மொட்டை போட்டா வேலை போயிடும் பாவா" என்றார் தொழிலாளி. நான் காதைத் தீட்டிக்கொண்டேன்.

"எவன் சொன்னது?"

"நான்தான். இப்போ மில்லை மொதலாளியும் சங்கமும் சேர்ந்துதானே நடத்தறோம்? சங்கத்து சார்பா கமிட்டியில நான் உக்காந்துகினு இருக்கேன். கிருத்திகைக்கு ஆளுங்க சொல்லாம கொள்ளாம மலைக்கு ஓடிடறாங்க, மிசின் நின்னுடுதுன்னு மொதலாளி பொலம்பினாரு. காய்ச்சல்னு வாய் பொய் சொல்லும், மொட்டைத் தலை பொய் சொல்லாது, மறுநாள் மில் கேட்டுல தலையப் பாத்து வேலைய விட்டு நிறுத்துங்கன்னு நான்தான் யோசனை குடுத்தேன். எழுந்து வந்து கைகுடுத்தாரு."

"அப்போ நீ ஏண்டா வந்தே?"

"கமிட்டியில எடம் கெடச்சா மொட்டை போடறேன்னு வேண்டிகினேனே!"

அவர் முறை வந்தது. நாவிதர் தலையில் தண்ணீர் தெளிக்கப் போனார்.

"இருங்க. மூணு கொத்து முடி மட்டும் எடுங்க. பூமுடி போதும்."

"வேண்டுதல் இன்னாங்க?"

"முழு மொட்டைதான். பேசிக் கொறச்சிகினோம்."

"சாமி ஒத்துகிச்சா?"

"ஆங். ரெண்டு பக்கமும் கலந்து பேசிதான் முடிவு."

"சாமி பக்கம் யாருங்க பேசினது?"

"அதுவும் நான்தான்."