எண்ணூறு கிராம் குறைந்த பிள்ளை

என் பெயர் கார்குழலி, வயது 26, க/பெ அன்பரசன், வியாசர்பாடி எம்.கே.பி. நகர். என் கணவர் கொடுத்த புகார் சம்பந்தமாக, கல்மண்டபம் அருகே உள்ள தனியார் ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு கட்டிலில் இருந்தபடி பெண் உதவி ஆய்வாளரிடம் சொல்வது:

என் கணவர் எண்ணூரில் லாரிகளுக்கு எடை போடும் மேடையில் வேலை செய்கிறார். போன வாரம் இதே ஆஸ்பத்திரியில் எனக்கு ஸ்கேன் எடுத்ததில் குழந்தை 3.9 கிலோ என்று வந்தது. டாக்டர் ஹெப்சிபா, "இது குத்துமதிப்புதான், முன்ன பின்ன இருக்கும்" என்று சொன்னார். என் கணவர் அதைக் காதில் வாங்காமல் தெருவெல்லாம் 3.9 என்று சொல்லிப் பெருமைப்பட்டார்.

அதன் பிறகு நேற்று முன்தினம் காலை சுகப்பிரசவத்தில் ஆண் குழந்தை பிறந்தது. நர்ஸ் சுகிர்தம் அவனை என் நெஞ்சில் போட்டார். போட்டதும் என் மேல் மூத்திரம் பெய்தான். பிறகு தராசில் வைத்து 3.1 கிலோ என்றார். வெளியே அதைக் கேட்ட என் கணவர், "எண்ணூறு கிராம் எங்க போச்சு? இன்னாமா, புள்ளைய மாத்திட்டீங்களா?" என்று சத்தம் போட்டு, நேராகக் காவல் நிலையம் சென்றுவிட்டார்.

அவர் கெட்டவர் இல்லை. அவர் மேடையில் எடை குறைந்தால் வழியில் சரக்கைத் திருடிவிட்டார்கள் என்று அர்த்தம். ஆனாலும் எனக்குக் கோபம் ஆறவில்லை. விசாரணை முடியும் வரை என்று குழந்தையைத் தனி அறையில் வைத்துவிட்டார்கள். சுகிர்தத்தை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். எனக்குப் பால் கட்டிக் காய்ச்சல் அடிக்கிறது.

அதன் பிறகு இன்று டாக்டர் என் கணவரிடம், "வயித்துக்குள்ள தராசு வைக்க முடியாதுப்பா. தலை, வயிறு, தொடை எலும்பு அளந்து கணக்குப் போடுறோம். கடைசி மாசத்துல அரைக் கிலோ, சில சமயம் அதுக்கு மேலயும் தப்பும்" என்றார். அவர், "அப்ப இன்னாத்துக்கு மேடம் கிலோ கணக்குல எழுதிக் குடுக்கறீங்க?" என்று கேட்டார். அது எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. "ரொம்பப் பெருசா, ரொம்பச் சிறுசான்னு தெரிஞ்சு உஷாரா இருக்கத்தான்" என்றார் டாக்டர். ஆனாலும் என் கணவர் புகாரை வாபஸ் வாங்கவில்லை.

மரபணு சோதனைக்குச் சம்மதமா என்று கேட்டதற்கு, ரத்தம் எடுத்துக்கொள்ளலாம், ஆனால் முடிவு வரும் வரை பிள்ளை என்னிடம்தான் இருக்க வேண்டும் என்று சொன்னேன். பிள்ளை மாறவில்லை. பிறந்தபோது நான் விழித்துக்கொண்டுதான் இருந்தேன். பிள்ளை மாறியதா என்று இதுவரை என்னிடம் ஒருவரும் கேட்கவில்லை, அதனால் சொல்லவில்லை.

நான் சொன்னதை எழுதி வாசித்துக் காட்டினார்கள். சொன்னதும் எழுதியதும் ஒன்றே, அத்தனையும் உண்மை. கையெழுத்தின் கீழ் கணவர் பெயருக்குப் பதிலாக வேறொன்று எழுத வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். அப்படியே எழுதினார்கள்.

(ஒப்பம்) கார்குழலி
குழந்தையின் தாய்